கோட்டருகே ஒரு கேள்வி

தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா மலரில் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று பெற்றோர்கள் சிலர் வியக்கக்கூடும். மாணவச் செல்வங்களோ, "இவர்களுக்கு இந்த ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று புன்னகை செய்யக்கூடும். இரண்டுமே நியாயமானவை. நம்மில் பெரும்பாலோர் கால்பந்து என்ற சொல்லைக் கேட்டால் காலால் உதைத்து ஆடும் ஆட்டத்தையே நினைப்பவர்கள். கையில் பந்தை ஏந்தி ஓடி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழும் இந்த நாட்டு ஆட்டத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்பதே நமக்கு நெடுநாள் விளங்கவில்லை. எனினும் இந்த ஆட்டத்தில் நாங்கள் கண்ட ஒரு சிறு வழக்கம், வகுப்பறைக்கும் வீட்டுக்கும் பொருந்துவதாகத் தோன்றியதால் இதனை எழுதத் துணிந்தோம்.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நம் பள்ளியில் பயிலும் மாணவன் ஒருவன் தன் உயர்நிலைப் பள்ளி அணிக்காக ஆடுவதைக் காண நாங்கள் நான்கு குடும்பத்தினர் சென்றிருந்தோம். குளிர் கடுமையாக இருந்தது. கம்பளிப் போர்வைகளும், குடுவையில் தேநீரும், பொட்டலத்தில் முறுக்குமாக மரப்பலகை இருக்கைகளில் அமர்ந்தோம். அவன் ஓரமாக நின்று, ஓடிச் சென்று பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரன். இங்கே 'ரிசீவர்' என்பார்கள். ஆட்டம் தொடங்கியதும் ஒன்றைக் கவனித்தோம். ஒவ்வொரு முறையும் பந்து விடப்படுவதற்கு முன் அவன் ஓரக்கோட்டருகே நிற்கும் நடுவரை நோக்கிக் கையை நீட்டினான். அவரும் ஏதோ ஒரு சைகை காட்டினார். பெரியவரை நோக்கி இப்படி விரல் நீட்டலாமா என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். அவன் ஏதோ முறையிடுகிறான் போலும் என்றார் இன்னொருவர்.

ஆட்டத்தின் பிற்பகுதியில் அவன் அணியைச் சேர்ந்த வேறொரு சிறுவன் பந்துடன் நெடுந்தூரம் ஓடி எல்லையைத் தொட்டான். நாங்கள் எழுந்து ஆரவாரம் செய்தோம். ஆனால் புல்தரையில் ஒரு மஞ்சள் துணி கிடந்தது. நம் மாணவன் நின்ற இடம் தவறு என்று நடுவர் தீர்ப்பளித்தார். எடுத்த புள்ளிகள் நீக்கப்பட்டன. அணி ஐந்து கெஜம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அப்போது நாங்கள் செய்த செயலை இன்று எண்ணினாலும் வெட்கமாக இருக்கிறது. எங்களில் சிலர் நடுவரை நோக்கிக் கூச்சலிட்டோம். நம் பிள்ளை என்பதால்தான் இப்படி என்றுகூட ஒரு சொல் எழுந்தது.

மறுநாள் காலை தமிழ் வகுப்புக்கு வந்தபோது அந்தச் சிறுவன் எங்களிடம் மெதுவாகச் சொன்னான்: "மாமா, அவர் பிழை செய்யவில்லை. அந்த ஒரு முறை மட்டும் நான் அவரைப் பார்க்கவே இல்லை. அவசரத்தில் கேட்க மறந்துவிட்டேன்."

கேட்க மறந்துவிட்டேன் என்ற அந்தச் சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

அரை அடியின் அருமை

அவன் என்ன கேட்க மறந்தான் என்பதை விளக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் ஒவ்வோர் அணியிலும் பதினொருவர் ஆடுவர். பந்து வைக்கப்பட்ட இடத்தை ஒட்டி, ஆடுகளத்தின் குறுக்கே ஒரு கோடு இருப்பதாகக் கொள்வார்கள். அதற்கு ஸ்கிரிம்மேஜ் கோடு என்று பெயர். வீட்டில் தொலைக்காட்சியில் காண்போர்க்கு அந்தக் கோடு வண்ணத்தில் தீட்டிக் காட்டப்படும். ஆனால் களத்தில் நிற்பவன் கண்ணுக்கு அப்படி ஒரு கோடு இல்லை. பந்தின் நீளம் சுமார் பதினோர் அங்குலம். அந்தப் பதினோர் அங்குல இடைவெளி, களத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை, இரு அணிக்கும் பொதுவான வெற்றிடம். பந்தை விடுகின்ற நடு ஆட்டக்காரரைத் தவிர வேறு எவரும் அதற்குள் தலையையோ காலையோ நீட்டக் கூடாது.

தொழில்முறை ஆட்டத்தில், அதாவது நேஷனல் ஃபுட்பால் லீக்கில், பந்தை வைத்திருக்கும் அணியினருள் குறைந்தது எழுவர் அந்தக் கோட்டின்மேல் நிற்க வேண்டும். மற்றவர்கள் பின்னால் நிற்க வேண்டும். பள்ளி ஆட்டங்களில் கணக்கு சற்றே வேறு: பின்னால் நிற்போர் நால்வருக்கு மேல் இருக்கலாகாது. கோட்டின்மேல் நிற்போருள் இரு முனைகளில் உள்ளவர்களே முன்னே ஓடிப் பந்தைப் பிடிக்கத் தகுதி உடையவர்கள். இடையில் நிற்போர்க்கு அவ்வுரிமை இல்லை. ஆகவே ஒருவன் அரை அடி முன்னே நிற்கிறானா, பின்னே நிற்கிறானா என்பது அவனை மட்டும் பற்றியதன்று. அவனுக்கு அடுத்து நிற்பவனின் உரிமையும், அணியின் உழைப்பு முழுவதும் அதைப் பொறுத்தவை. நம் மாணவன் கோட்டின்மேல் நிற்க வேண்டியவன், ஓரடி பின்னே நின்றுவிட்டான். பின்னால் நின்றவர் ஐவராகிவிட்டனர். குற்றம் அவ்வளவுதான்.

பந்து நடுவிலே இருக்கிறது. ரிசீவர் நிற்பதோ அதற்கு இருபது கெஜத்துக்கு அப்பால். அவ்வளவு தொலைவிலிருந்து பதினோர் அங்குலத்தை அளப்பது எளிதன்று. ஆனால் கோட்டின் இரு முனைகளிலும் இரு நடுவர்கள் நிற்கின்றனர். கோட்டைக் காப்பதே அவர்களின் பணி. ஒருவர் லைன் ஜட்ஜ், மற்றவர் டவுன் ஜட்ஜ். முன்னர் ஹெட் லைன்ஸ்மேன் என்று வழங்கிய பின்னவரின் பெயரை தொழில்முறை லீக் 2017-ஆம் ஆண்டில் மாற்றியது. 2015-இல் அந்த லீக்கின் முதல் முழுநேரப் பெண் நடுவராகப் பொறுப்பேற்ற சாரா தாமஸ், 2021 பிப்ரவரி 7 அன்று சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் பணியாற்றிய முதல் பெண் என்ற சிறப்பைப் பெற்றபோது, நின்றது இந்த டவுன் ஜட்ஜ் இடத்தில்தான். நம் பள்ளி மாணவியர் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

ஆட்டக்காரன் இந்த நடுவரைப் பார்க்கிறான், கையை நீட்டுகிறான். "ஐயா, நான் கோட்டின்மேல் நிற்கிறேன், சரிதானா?" என்பது அதன் பொருள். பள்ளி ஆட்டங்களில் பல நடுவர்கள் தங்கள் முன்காலைக் கோடு இருக்கும் இடத்தில் ஊன்றி நின்று, இதுதான் கோடு என்று காட்டுவர். ஓரத்தில் நிற்பவன் கோட்டின்மேல் இல்லாமல் பின்னால் நிற்பானாயின், நடுவர் தம் கையைப் பின்புறமாக நீட்டிக் காட்டுவார். எதிர்முனையில் உள்ள நடுவரும் அதைக் கண்டு கணக்கிட்டுக்கொள்வார். இவை யாவும் சில நொடிகளில், ஒரு சொல்லும் பேசாமல் நடந்து முடிகின்றன. நாங்கள் மரியாதைக் குறைவு என்று எண்ணிய அந்தக் கைநீட்டல், உண்மையில் ஒரு மரியாதையான வினா. நடுவரின் சைகை அதற்குரிய விடை.

எச்சரிப்பது கடமையா, கருணையா?

இனி விவாதத்துக்கு வருவோம். கேட்டால் நடுவர் சொல்வார், சரி. கேளாதவனுக்கும் அவர் சொல்ல வேண்டுமா? சொல்லாமல் தண்டித்தால் அது அநீதியா? நாடறிய இந்த வினா எழுந்த நாள் ஒன்றுண்டு.

2023 டிசம்பர் 10 அன்று கான்சஸ் சிட்டியில் சீஃப்ஸ் அணியும் பஃபலோ பில்ஸ் அணியும் மோதின. பில்ஸ் 20, சீஃப்ஸ் 17. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரம் இருந்தது. பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்தை டிராவிஸ் கெல்சி பிடித்து ஓடி, பிடிபடும் தறுவாயில் அதைப் பக்கவாட்டில் கடேரியஸ் டோனியிடம் வீசினார். டோனி எல்லையை அடைந்தார். அரங்கம் அதிர்ந்தது. ஆனால் மஞ்சள் துணி முன்பே விழுந்திருந்தது. ஓடி முடித்த அதே டோனி, பந்து விடப்படும்போது கோட்டுக்கு முன்னே காலை வைத்து நின்றிருந்தார். புள்ளிகள் போயின, ஆட்டமும் போயிற்று.

பயிற்சியாளர் ஆண்டி ரீட், இத்தகைய குற்றத்துக்கு முன்னதாக எச்சரிக்கை தருவதே வழக்கம் என்று குறைப்பட்டுக்கொண்டார். தலைமை நடுவர் கார்ல் செஃபர்ஸ் தந்த விளக்கத்தின் சாரம் இது: எச்சரிக்கை தருவது கட்டாயமன்று. ஆட்டக்காரர் கேட்டால் இடத்தைச் சொல்வோம். பந்தையே மறைக்கும் அளவுக்கு ஒருவர் முன்னே நின்றால் எச்சரிக்கைக்கு அங்கு இடமில்லை. எங்கே நிற்பது என்பது முடிவில் ஆட்டக்காரரின் பொறுப்பே. நடுவர்களைப் பழித்ததற்காக லீக் மஹோம்ஸுக்கு 50,000 டாலரும் ரீட்டுக்கு 1,00,000 டாலரும் தண்டம் விதித்தது. தாம் அவ்வாறு நடந்துகொண்டது தகாது என்று மஹோம்ஸ் பின்னர் வருந்தினார்.

இதே அணி முன்னரும் இக்கோட்டினால் பட்ட துன்பம் உண்டு. 2019 ஜனவரி 20 அன்று நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியுடன் ஆடியபோது, 28-24 என்று முன்னணியில் நின்ற சீஃப்ஸ், இறுதி நிமிடத்தில் எதிரணியின் பந்தை இடைமறித்துப் பிடித்தது. வெற்றி கையில் விழுந்துவிட்டது என்றே அனைவரும் எண்ணினர். ஆனால் டீ ஃபோர்டு என்ற ஆட்டக்காரர் கோட்டைத் தாண்டி நின்றிருந்ததால் அது செல்லாமற் போயிற்று. கூடுதல் நேரத்தில் பேட்ரியட்ஸ் 37-31 என்று வென்றது. தோற்றவர்கள் ஓடத் தெரியாதவர்களல்லர், பிடிக்கத் தெரியாதவர்களுமல்லர். நின்ற இடம் பிழையாயிற்று, அவ்வளவே.

எங்கள் கருத்து யாதெனில், தொழில்முறை ஆட்டத்தில் செஃபர்ஸ் கூறியதே சரி. எச்சரிக்கை ஒரு நற்பண்பு. அதை உரிமையாக்கினால் அதன் பண்பு கெடும். எல்லா முறையும் நடுவர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், ஆட்டக்காரன் கோட்டைப் பார்ப்பதையே விட்டுவிடுவான். பின்னர் அவன் பிழைக்கெல்லாம் நடுவரே பொறுப்பாவார். மேலும் ஓர் அணியை எச்சரித்து மற்றோர் அணியை எச்சரிக்காமல் விட்டால் நடுவுநிலைமை எங்கே? அந்தப் பெயரில் ஓர் அதிகாரமே வகுத்தவர் நம் வள்ளுவர். நடுவர் என்ற சொல்லே நடுவில் நிற்பவர் என்று பொருள்படுவதன்றோ? அவர் கோட்டைக் காட்டலாம், ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கலாகாது. காட்டுவதையும் இரு பக்கத்துக்கும் ஒரே அளவில் காட்ட வேண்டும்.

ஆனால் சிறுவர் ஆட்டத்தில் எங்கள் கருத்து வேறு. பதினைந்து வயதுச் சிறுவன் கற்கின்றவன். கற்கும் களத்தில் முதற் பிழைக்கு ஒரு சைகையும் இரண்டாம் பிழைக்கு ஒரு கொடியும் என்பதே முறையாகும். அங்கே "மகனே, ஓரடி முன்னே வா" என்று சொல்லும் நடுவர் ஆட்டத்தைக் கெடுப்பதில்லை, வளர்க்கிறார். அன்று எங்கள் மாணவனுக்கு அவர் அப்படிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவனிடமே கேட்டோம். அதற்கு முந்திய ஆட்டங்களில் பல முறை சொன்னவர் அவரே என்றான். எங்கள் கூச்சலுக்கு இருந்த கடைசி நியாயமும் அத்துடன் கரைந்துபோயிற்று.

சொன்னேன் என்றால் போதுமா?

இன்னொரு நிகழ்ச்சி, வேறொரு பாடத்தைத் தருவது. அதே டிசம்பரில், 30-ஆம் நாள், டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் டெட்ராய்ட் லயன்ஸ் அணி டல்லஸ் கௌபாய்ஸ் அணியுடன் ஆடியது. ஆட்டம் முடிய 23 நொடிகள் இருக்கையில் லயன்ஸ் எல்லையைத் தொட்டு 20-19 என்று நெருங்கியது. வெற்றி தேடி இரு புள்ளி முயற்சியில் இறங்கியது. இந்த ஆட்டத்தில் எண்களுக்கும் இலக்கணம் உண்டு. சில எண்களை அணிந்தவர்கள் பந்தைப் பிடிக்கலாகாது. பிடிக்க வேண்டுமாயின், பந்து விடப்படுமுன் தலைமை நடுவரிடம் சென்று, மார்புக்கு முன்னே கையை மேலும் கீழும் அசைத்துத் தெரிவிக்க வேண்டும். நடுவர் அதை எதிரணிக்கு அறிவிப்பார்.

லயன்ஸின் 68-ஆம் எண் டெய்லர் டெக்கர் பந்தைப் பிடித்தார். ஆனால் நடுவர் பிராட் ஆலன், தம்மிடம் தெரிவித்தவர் 70-ஆம் எண் டான் ஸ்கிப்பர் என்றார். அவ்வாறே அறிவித்தும் இருந்தார். முயற்சி செல்லாதென்றாயிற்று, டல்லஸ் வென்றது. தெரிவித்தவர் டெக்கரே என்று லயன்ஸ் அணியினர் உறுதியாக உரைத்தனர். எதிரணியைக் குழப்பும் பொருட்டு ஒரே நேரத்தில் பலர் நடுவரை நோக்கிச் சென்றதும் அந்தக் காட்சியில் தெரிந்தது. பின்னர் லீக், தன் தகுதி மாற்றத்தை நடுவருக்குத் தெளிவாகத் தெரிவிக்கும் பொறுப்பு ஆட்டக்காரருடையதே என்று எல்லா அணிகளுக்கும் நினைவூட்டியது.

யார் சரி என்று தீர்ப்புக் கூற நாங்கள் முன்வரவில்லை. ஆனால் இரண்டு உண்மைகள் தெளிவு. எதிரியைக் குழப்பச் செய்த ஏற்பாடு நண்பரையும் நடுவரையும் சேர்த்தே குழப்பும் என்பது ஒன்று. சொன்னேன் என்பது செய்தி ஆகாது, அவர் புரிந்துகொண்டார் என்பதே செய்தி என்பது மற்றொன்று. நடுவர் எண்ணை அறிவித்த அந்தக் கணத்தில் ஒருவர் கவனித்து, "எழுபதன்று, அறுபத்தெட்டு" என்று கூறியிருந்தால் வழக்கே இல்லை. கேட்டவர் தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்வதும், சொன்னவர் அதைக் கவனித்துச் சரிபார்ப்பதும் பழக்கமாக வேண்டும்.

கேள் என்ற ஒரு சொல்

மாணவச் செல்வங்களே, நம் மொழியில் 'அணி' என்ற சொல்லை நோக்குங்கள். குழுவுக்கும் அணி என்று பெயர். வரிசைக்கும் அணி என்று பெயர். அழகு செய்யும் ஆபரணமும் அணிதான். ஒழுங்காக நின்றால்தான் குழு, ஒழுங்காக நிற்பதுதான் அழகு என்று ஒரே சொல்லில் நம் முன்னோர் அடக்கி வைத்தார்கள் எனலாம்.

இனி 'கேள்' என்ற சொல்லை நோக்குங்கள். வினவுவதும் கேட்பது, செவிமடுப்பதும் கேட்பது. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல். திருக்குறளில் கேள்வி என்ற அதிகாரம் இருப்பதை வகுப்பில் படித்திருப்பீர்கள். அது வினாவைப் பற்றியதன்று, பெரியோரிடம் செவி கொடுத்துக் கற்பதைப் பற்றியது. கையை நீட்டி நடுவரை நோக்கும் ஆட்டக்காரன் இரண்டையும் ஒருங்கே செய்கிறான். வினவுகிறான், விடைக்காகக் காத்து நிற்கிறான். கையை நீட்டிவிட்டு விடையைப் பாராமல் முகத்தைத் திருப்பிக்கொள்பவன் பாதிதான் கேட்டவன்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். நாம் வளர்ந்த சூழலில் பெரியவர்களை வினவுவது பல இடங்களில் அடக்கமின்மையாகக் கருதப்பட்டது. புரியாவிட்டாலும் தலையாட்டிப் பழகினோம். இந்த நாட்டுக்கு வந்த பின்னும் அலுவலகத்திலும், மருத்துவரிடத்திலும், பிள்ளையின் பள்ளியிலும் புரியாதவற்றுக்கெல்லாம் தலையாட்டி, பின்னர் வீட்டுக்கு வந்து வருந்தியவர்கள் நம்மில் எத்தனை பேர்! கோடு எங்கே என்று கேளாமல் நின்றுவிட்டு, கொடி விழுந்த பின் நடுவரைப் பழித்த நாட்கள் நமக்கும் உண்டு. நம் பிள்ளை ஒரு பெரியவரை நோக்கி அச்சமின்றி, அதே வேளையில் பணிவுடன், "நான் நிற்பது சரியா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். அதை நாம் கண்டிக்கலாகாது. அவனிடமிருந்து கற்க வேண்டும்.

தமிழ் வகுப்பிலும் இது நடக்கட்டும். ழகரம் நாவில் வராத பிள்ளை அதை மறைத்து முணுமுணுக்க வேண்டாம். ஆசிரியரைப் பார்த்து, "இது சரியா?" என்று கேட்கட்டும். ஆசிரியர்களும் மதிப்பெண்ணைக் குறைத்த பின் காரணம் கூறுவதைவிட, முன்னதாகவே காலை ஊன்றி, "இதுதான் கோடு" என்று காட்டுவாராக. கேளாத பிள்ளைக்கு முதல் முறை தாமே சொல்வாராக. தேர்வு நாளன்று மட்டும் கோடு கோடாகவே இருக்கட்டும்.

அந்தச் சிறுவனின் அடுத்த ஆட்டத்துக்கும் நாங்கள் சென்றிருந்தோம். இம்முறை மஞ்சள் துணி விழவில்லை. அணி வெல்லவுமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கை நீண்டது, ஒவ்வொரு முறையும் விடை வந்தது. ஆட்டம் முடிந்ததும் நாங்கள் கீழே இறங்கிச் சென்று, ஓரக்கோட்டில் நின்ற நடுவரிடம் நன்றி கூறினோம். அவர் சற்று வியப்புடன் எங்களைப் பார்த்துவிட்டு, தொப்பியைத் தொட்டுக் காட்டிச் சென்றார். அவர் முன்பு வந்த அதே நடுவரா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. யாராயிருந்தாலும், நாங்கள் சொல்ல வேண்டிய சொல் அது.